நாற்பது வீட்டு வாய்க்கரிசி

தலைமை நாற்காலியில் அமர்ந்து, இந்த அம்மா எவ்வளவு நேரம் பேசுவாளோ என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் அவர்களே! பினாங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மூன்று நாள் மறுபடிப்புக்கு வந்து, முன்வரிசையில் நோட்டுப் புத்தகம் விரித்திருக்கும் டாக்டர்மார்களே! பூதக்கண்ணாடிக்குள் நோயைத் தேடுகிறவர்களே, பேச்சு நின்றுபோன உடம்பைத் திறந்து அது எதனால் நின்றது என்று படிக்கிறவர்களே! அந்த உடம்புகளைக் கழுவிக் கொடுத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கி நிற்கும் சகோதரர்களே! டுரியான் துங்கால் பக்கத்திலிருந்து லோரியில் நின்றபடியே வந்து இறங்கிய என் தோட்டத்து மக்களே! தங்கா பத்துவிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, இடுப்பில் பிள்ளையும் மடியில் வெற்றிலையுமாக உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைமார்களே! உள்ளே இடமில்லாமல் சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கும் தம்பிமார்களே!

இன்னும் ஒருவரை விட்டுவிட்டேன். இதோ எனக்கு முன்னால், இந்த மேசை மேல், ஏழாம் எண் போட்ட கண்ணாடிப் போத்தலின் அடியில் கிடக்கும் ஒரு சிட்டிகை அரிசியே! உனக்கும் என் வணக்கம்.

என் பெயர் குஞ்சம்மா. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. மேடைத் தமிழ் எனக்குக் காதால் வந்தது. சங்கக் கூட்டமோ கோயில் கூட்டமோ, எங்கே மைக் கட்டினாலும் முதல் வரிசையில் போய் உட்காருவேன். மேலே ஏறி நிற்பது இன்றுதான்.

பக்கத்தில் நிற்கும் டாக்டரய்யா நான் பேசப் பேச இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வருகிறார். ஐயா, ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காரமாக வருவதையும் அப்படியே சொல்லுங்கள். சர்க்கரை போட வேண்டாம். என்ன, சிரிக்கிறீர்களே? இதையும் சொல்லிவிட்டீர்களா? சரி.

நான் கேட்க வந்தது ஒரே ஒரு கடிதம். வருகிற வெள்ளிக்கிழமை பினாங்கில் ஒரு கப்பல் புறப்படுகிறது. அதில் என் கணவரின் தம்பி பிச்சைமுத்துவை ஏற்றப் போகிறார்கள். இந்த மண்ணில் பிறந்தவன், இந்தியாவை அவன் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அவனை நாகப்பட்டினத்தில் இறக்கிவிடப் போகிறார்கள். அதோ மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலையோடு இருப்பவள் அவன் மனைவி மீனம்மா. அவள் மடியில் தூங்கும் பிள்ளை தன் அப்பனைக் கம்பி வலைக்கு இந்தப்பக்கம் இருந்துதான் பார்த்திருக்கிறது. தடுப்பு முகாமுக்குப் போய் விசாரணைக் குழுவிடம் கெஞ்சினோம். "டாக்டர் எழுதிய அறிக்கை இருக்கிறது. அதை எழுதியவரே மாற்றினால்தான் உண்டு" என்று சொல்லிவிட்டார்கள்.

எழுதியவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். அவர் பெயரையோ ஆஸ்பத்திரியின் பெயரையோ சொல்ல வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். சொல்ல மாட்டேன். பெயர் கெடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இன்னொருவருக்கு அதைச் செய்ய நான் வரவில்லை.

ஐம்பத்திரண்டாம் வருசம், ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்றைய நாள் எப்படி இருந்தது என்று டவுன்காரர்கள் மறந்திருக்கலாம். நாங்கள் மறப்போமா? நாங்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி. விடியும்வரை வெளியே கால் வைத்தால் சுடுவார்கள். விடிந்ததும் கம்பி வாசலில் வரிசை. சோற்றுப்பொட்டலம் கொண்டுபோகக் கூடாது. வேட்டியை உதறு, வாளியைக் கவிழ், கொண்டையை அவிழ், வாயைத் திற! காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்காரனுக்கு ஒரு மணி அரிசியும் போய்ச் சேரக் கூடாதாம். அரிசி எங்கே போகிறது என்று ஆளுக்கு ஆள் சந்தேகம். வெறும் வயிற்றோடு மரத்துக்குப் போய், வெறும் வயிற்றோடு திரும்பினோம்.

என் கணவர் மாயாண்டி காட்டோரத்து மர நிரையில் வெட்டினார். நான் இரண்டு நிரை தள்ளி. பால்மரக் காட்டில் பத்து மணிக்கே பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும், உங்களில் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அன்று ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. அவருடைய நிரையில் எல்லா மரமும் வெட்டியிருந்தது, எல்லாச் சிரட்டையிலும் பால் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கத்தி கையில். கண் திறந்திருந்தது. நான் கூப்பிட்டேன். சிரட்டை நிரம்பி வழிந்து அவர் தோளில் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவில்லை அவர். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காயம் இல்லை. இரத்தம் இல்லை. வேலை வாங்கும் மண்டோர் வந்து பார்த்தார். "தூக்குங்கலா. போலீஸ் வர்றதுக்குள்ள வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க. வெயில் ஏறுனா ஒடம்பு தாங்காது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த நல்ல மனதில்தான் எல்லாம் ஆரம்பம்.

லயத்து வாசலில் கிடத்தினோம். குளிப்பாட்டினோம். திருநீறு பூசி, நெற்றியில் காசு வைத்து, தாடைக்குக் கட்டுப் போட்டோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பி பிச்சைமுத்துதான் பிள்ளை இடத்தில் நின்றான். வாய்க்கரிசி போட வேண்டும். அளந்து கொடுக்கும் அரிசியில் அன்று என் பானையில் இருந்தது கைப்பிடிக்கும் குறைவு. அதைப் பார்த்த அடுத்த வீட்டு அன்னம்மா உள்ளே போய் ஒரு சிட்டிகை கொண்டுவந்தாள். அடுத்தவள் ஒரு சிட்டிகை. அதற்கடுத்தவள் ஒரு சிட்டிகை. நாற்பது வீடு, தாய்மார்களே, நாற்பது வீடு! பிள்ளைக்குக் கஞ்சிக்கு வைத்திருந்ததில் கிள்ளிக் கொடுத்தவள் உண்டு. செத்தவன் பசியோடு போகக் கூடாது என்று, இருக்கிறவர்கள் தங்கள் பசியைக் கிள்ளிக் கொடுத்தார்கள். பிச்சைமுத்து கட்டை நெகிழ்த்தி, அத்தனையையும் அண்ணன் வாயில் போட்டு, மறுபடி கட்டினான். மாயாண்டியின் கன்னம் உப்பிப்போயிற்று. சாப்பிடுகிற மாதிரியே இருந்தார்.

அப்போது போலீஸ் லோரி வந்தது.

காட்டோரத்தில் செத்தவன், அறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். காசைத் தட்டிவிட்டு, கட்டை அவிழ்த்துவிட்டு, அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கூட ஏற ஒருவரையும் விடவில்லை. லோரி மேட்டில் ஏறி இறங்கும்போது அவர் தலை ஆடியது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி ஆடியது.

டாக்டர்மார்களே, இனி நடந்ததை நான் பார்க்கவில்லை. பிணவறையில் உடம்பு கழுவும் சாமிநாதன் தம்பி பார்த்தார். அதோ, கதவோரம் தலையைக் குனிந்து நிற்கிறாரே, அவர்தான். நிமிர்ந்து நில்லுங்கள் தம்பி.

அன்று அந்தப் பிணவறையில் ஒன்பது உடம்பு. ரோட்டில் எங்கேயோ காட்டு ஆட்கள் லோரியை மறித்துச் சுட்டிருக்கிறார்கள். எட்டு உடம்பு குண்டு பட்டவை, ஒன்பதாவது என்னுடையவர். வெள்ளைக்கார டாக்டர் துரை விடிந்ததிலிருந்து நின்றபடியே வேலை செய்திருக்கிறார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். இதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் சோம்பேறி இல்லை. கெட்டவர் இல்லை. களைத்தவர். களைத்த கண்ணுக்கு முதலில் பட்டது என்ன? வாய் நிறையப் பச்சரிசி. அரிசி கொண்டுபோனால் குற்றம் என்று ஊரெல்லாம் தண்டோரா போட்ட காலத்தில், காட்டோரத்தில் செத்தவன் வாயில் பச்சரிசி! அவர் என்ன நினைத்திருப்பார்? நீங்கள் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

எழுதினார். வாயில் ஒளித்துக் காட்டுக்குக் கடத்திய அரிசி. ஆளைக் கண்டு பயந்து விழுங்கியதில் தொண்டை அடைத்து மரணம். அரிசியை ஒரு போத்தலில் போட்டு, மருந்து ஊற்றி, மூடிக்கு அரக்கு வைத்து, எண் ஏழு என்று ஒட்டினார்.

சாமிநாதன் தம்பிக்குத் தெரியாதா? நெற்றியில் திருநீறு இருந்ததே! கன்னத்தில் கட்டின் தடம் இருந்ததே! பின்னால் நான் கேட்டேன், "ஏன் தம்பி சொல்லல?" என்று. "அக்கா, என்னை யாருமே கேக்கலக்கா. கேக்காம வாயத் தொறந்தா, நீயும் அந்தக் காட்டு ஆளுதானான்னு என்னையும் புடிச்சுக்குவாங்க. எனக்கும் புள்ளக்குட்டி இருக்குல்ல" என்றார். அவரை நான் திட்டவில்லை. அந்த வருசம் எல்லோர் வாயிலும் கட்டுத்தான் போட்டிருந்தது.

அடுத்த நாள் போலீஸ் லயத்துக்கு வந்தது. யார் அரிசி கொடுத்தது என்று மலாயில் கேட்டார்கள். "சியாப்பா காசி பெராஸ்?" பிச்சைமுத்துவுக்கு மறைக்க என்ன இருக்கிறது? அண்ணனுக்குச் செய்த கடன் அல்லவா! முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். "சாயா, துவான். சாயா புஞ்ஞா தாங்ஙான்." நான்தான் கொடுத்தேன் ஐயா, என் கையால்தான். பெருமையாகச் சொன்னான்! அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். விலங்கு போட்டார்கள். லோரியில் ஏறும்போதுகூட அவனுக்குப் புரியவில்லை. "அண்ணி, அண்ணன் ஒடம்ப வாங்கிட்டு வரத்தான் கூப்புடுறாங்க போல, நீங்க அழாதீங்க" என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனான். ஒன்றரை வருசம் ஆகிறது.

என்ன அங்கே சத்தம்? "சொல்லிப் புரிய வச்சிருக்கலாம்ல" என்கிறாரா அந்த அண்ணன்? அண்ணே, சொன்னோம். லயமே சொன்னது. குற்றவாளி வீட்டு வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட்டார்கள். டாக்டர் எழுத்துக்கு முன்னால் நாற்பது வீட்டுப் பேச்சு எடுபடுமா?

இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் கோபிக்க மாட்டேன்.

உடம்பை வாங்கி அடக்கம் செய்து, கருமாதியும் முடிந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை. நடுப்பகல். ஆட்கள் எல்லாம் பால் ஸ்டோரில் நிற்கும் நேரம், லயம் காலியாகக் கிடக்கும். காய்ச்சல் என்று அன்னம்மா மட்டும் வீட்டில் படுத்திருந்தாள். வாசலில் யாரோ செருமுகிற சத்தம் கேட்டிருக்கிறது. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேச முடியாமல் செருமினால் எப்படி இருக்கும், அப்படி. எழுந்து வந்து பார்த்தாள். ஆள் இல்லை. நிலைப்படிக்குக் கீழே, சிமெண்டுத் தரையில், ஒரு சிட்டிகை அரிசி. ஈரமாக.

வாசலில் அரிசி கிடந்தால் என்ன அர்த்தம் அந்தக் காலத்தில்? காவல்காரன் கண்ணில் பட்டால் முகாம்தான்! அவள் யோசிக்கவில்லை. குனிந்து நக்கி எடுத்து வாயில் போட்டு விழுங்கிவிட்டாள். விழுங்கியதும் நாக்கு மரத்துப்போயிற்று. சாயங்காலம் என்னிடம் ஓடிவந்தாள்.

"அடியே குஞ்சு, என்னாடி இது, அரிசியா மருந்தாடி? தொண்டையெல்லாம் எரியுது. ஆஸ்பத்திரி வாடை அடிக்குதுலா!"

"ஜுரத்துல எதையாச்சும் கண்டிருப்ப. பேசாம படு" என்றேன் நான்.

அடுத்த செவ்வாய் அடுத்த வீடு. அதே நடுப்பகல், அதே செருமல், அதே ஒரு சிட்டிகை. அதற்கடுத்த செவ்வாய் அதற்கடுத்த வீடு. வரிசை தப்பவில்லை. யார் யார் எந்த வரிசையில் கொண்டுவந்து கொடுத்தார்களோ, அந்த வரிசையிலேயே திரும்பி வந்தது. ஒருத்தியும் வெளியே சொல்லவில்லை. அவரவர் கூட்டி அள்ளி, அடுப்பில் போட்டு, சாம்பலையும் கரைத்து ஊற்றினார்கள். அடுப்பில் போட்ட அரிசி வெடிக்கவில்லை, கருகவில்லை, நீலமாக எரிந்தது என்று சொன்னவள் உண்டு. செவ்வாய்க்கிழமை வந்தால் அடுத்த முறைக்காரி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். வெளியே செருமல் கேட்கும். "மாயாண்டி அண்ணே, நாங்க கேக்கலண்ணே, குடுத்தது குடுத்ததுதாண்ணே, போயிடுங்கண்ணே" என்று உள்ளிருந்தே அழுதவளும் உண்டு.

எலி என்கிறீர்களா? குருவி என்கிறீர்களா? இருக்கலாம். எலிக்கு வரிசை தெரியுமா என்று மட்டும் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

முப்பத்தொன்பது வாரம். முப்பத்தொன்பது வீடு. எல்லோரும் கொடுத்த பிறகுதான் என் பானை அரிசியைச் சேர்த்தேன், அதனால் கடைசி வீடு என்னுடையது. நாற்பதாவது செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. வாசலைத் துடைத்து, கதவைத் திறந்து வைத்து, உட்கார்ந்திருந்தேன். நடுப்பகல் வந்தது, போனது. வெயில் படியை விட்டு இறங்கியது. அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மற்றவர்களுக்குப் பயம் வாசலில் அவர் வந்தது. எனக்குப் பயம், என் வாசலுக்கு மட்டும் அவர் வராதது. எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்கு வர என்ன தயக்கம்? திருடன் என்று எழுதப்பட்ட மனுசன் பெண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பது என்று வெட்கப்படுகிறாரா?

போன வருசக் கடைசியில் எங்கள் பக்கத்தைச் சண்டை ஓய்ந்த வெள்ளைப் பகுதி என்று அறிவித்து, கம்பி வாசலைத் திறந்துவிட்டார்கள். ஊரடங்கு போயிற்று. சோற்றுப்பொட்டலம் கொண்டுபோகலாம். திறந்த வாசல் வழியாக முதல் ஞாயிற்றுக்கிழமையே சாமிநாதன் தம்பி என்னைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, ஒன்னு சொல்லணும். ஒன்ற வருசமா தூக்கமில்ல. அந்தப் போத்தலு அலமாரியில இருக்கு. அரக்கு ஒடையல, மூடி அசையல, நான்தான் தெனமும் தூசி தொடைக்கிறேன். ஆனா அரிசி கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சுக்கா. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம ஒரு சிட்டிகை எறங்குச்சு. பென்சில்ல கோடு போட்டு வச்சுப் பாத்தேன். இப்ப அடியில கொஞ்சம்தான் கெடக்கு. அதுக்கு மேல எறங்கல."

அவரோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். பட்டப்பகல். அறை முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் போத்தல். ஈரல் ஒன்று, கல் அடைத்த சிறுநீரகம் ஒன்று, ஒரு பிள்ளையின் கை. கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியதே ஒரு வாடை, அது எனக்குப் புதியதா? அன்னம்மா வாயிலும் முப்பத்தொன்பது வீட்டு வாசலிலும் அடித்த அதே வாடை! ஏழாம் எண் போத்தலைக் கையில் வாங்கினேன். சில்லென்று இருந்தது. அடியில் கிடந்தது என் பானையிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த அரிசி. எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் வீட்டு அரிசியில் மட்டும் மஞ்சள் பட்டிருந்தது, அவசரத்தில் மஞ்சள் அரைத்த கையால் அள்ளினேன். அந்த மஞ்சள் இன்னும் போகவில்லை. இதோ, முன்னால் வந்து பாருங்கள்.

மருந்து ஆவியாகும், அரிசி கரையும் என்று இந்த டாக்டரய்யா எனக்கு விளக்கினார். கேட்டுக்கொண்டேன். அவர் படித்தவர். அவர் சொன்ன இன்னொன்றையும் நீங்கள் கேட்க வேண்டும். சாமிநாதன் தம்பி அன்று பார்த்ததை இவர் ஒருவர்தான் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உயிரோடு இருக்கிறவன் அடைத்துக்கொண்டு செத்தால் அரிசியை மூச்சுக்குழாய்க்குள் இழுத்திருப்பான், மூச்சு விட முடியாமல் போராடிய அடையாளம் உடம்பில் இருக்கும் என்றார். என்னுடையவர் தொண்டைக்குள் ஒரு மணியும் இறங்கவில்லை. எல்லாம் நாக்கின் மேலேயே கிடந்ததாம், வைத்தது வைத்தபடி. இறந்த பிறகு வைத்தது என்று அதுவே சொல்லவில்லையா?

இன்னொன்று. சாமிநாதன் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னது. "நெஞ்சத் தொறக்கவே இல்லக்கா. வாயப் பாத்ததோட விட்டுட்டாங்க."

டாக்டர்மார்களே! பட்டம் வாங்கி, பல்லாயிரம் உடம்பு பார்த்து, நரை விழுந்த பிறகும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இதைக் கண்டுதான் எனக்கு மேடை ஏறத் துணிவு வந்தது. படித்தது போதும் என்று நினைக்கிறவரிடம் நான் வந்திருக்க மாட்டேன். மூன்று நாளாகப் புதுச் சாயம், புதுக் கண்ணாடி, புது நோய் எல்லாம் படித்தீர்களாம். நான் கொண்டுவந்த பாடம் ரொம்பப் பழையது. ஒன்று கிடைத்துவிட்டது என்பதற்காகத் தேடுவதை நிறுத்தலாமா? வாய் நிறைய விடை கிடைத்ததால் நெஞ்சைத் திறக்காமல் விடலாமா? உடம்பைத் தருகிறவரிடம், கழுவுகிறவரிடம், வாசலில் தலைவிரித்து நிற்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் உங்கள் படிப்பு குறைந்தா போகும்?

இந்தப் போத்தலை வகுப்புக்கு வகுப்பு மேசையில் வைத்துப் பாடம் நடத்துகிறீர்கள். கடத்தல் அரிசி இப்படித்தான் இருக்கும் என்று இளம் டாக்டர்களுக்குக் காட்டுகிறீர்கள். நேற்றும் காட்டினீர்கள். அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். எந்த ஊரில், எந்தப் பிணவறையில், எந்த மாயாண்டியின் வாயை அடுத்துத் திறக்கப் போகிறார்கள்? எந்தப் பிச்சைமுத்து அடுத்துக் கப்பல் ஏறப் போகிறான்? செத்தவர்களின் தவறு அவர்களோடு போய்விடும். எழுதி வைத்த தவறு செத்தவர்களையும் நடக்க வைக்கும். நான் கண்டிருக்கிறேன்.

மணி அடிக்கிறீர்களா ஐயா? உங்கள் மணிக்கு மரியாதை உண்டு. கப்பலிலும் ஒரு மணி இருக்கிறது. அதற்கு முன்னால் முடித்துவிடுகிறேன்.

உட்காருங்கள், உட்காருங்கள். யாரும் கத்த வேண்டாம். "துரையே மன்னிப்புக் கேளு" என்று கத்தும் தம்பி, உன் பாசத்துக்கு நன்றிலா, வாயை மூடு. மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அது முகாம் கதவைத் திறக்குமா? எனக்கு எழுத்து வேண்டும். எழுத்தால் பூட்டியதை எழுத்தால்தான் திறக்க முடியும். அந்த அரிசி இறந்த பிறகு, எங்கள் வழக்கப்படி, தம்பி கையால் போட்டது. அவர் இறந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த இரண்டு வரியும் கீழே ஒரு கையெழுத்தும். நாளை காலை விசாரணைக் குழுவின் கைக்குப் போக வேண்டும்.

என்ன டாக்டரய்யா? யார் எழுந்திருக்கிறார்கள்?

ஆமாம். அவர்தான். எல்லோரும் அமைதியாக இருங்கள். வழி விடுங்கள், அவர் மேடைக்கு வரட்டும். பார்த்து வாருங்கள் துரை, அந்தப் படி கொஞ்சம் ஆடும்.

என்ன கேட்கிறார்? மெதுவாகச் சொல்லுங்கள் ஐயா, மைக்கில் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

சாவதற்கு முன்னால் என் கணவருக்கு என்ன செய்தது என்று கேட்கிறார்.

கொஞ்சம் இருங்கள். தண்ணீர் கொடுங்கள் யாராவது. இல்லை, வேண்டாம். அழவில்லை நான். ஒன்றரை வருசத்தில் எங்களைக் கேட்ட முதல் கேள்வி இது, துரை. கேட்டவரும் நீங்களாகவே இருக்கிறீர்கள்.

சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நாளாக இடது தோளில் வலி என்றார். தோளில் போடும் காண்டாக் கம்பில் இரண்டு பால்வாளியும் தூக்கித் தூக்கித் தோள் பிடித்துக்கொண்டது என்று நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். வலி கைவழியாகச் சுண்டுவிரல்வரை இறங்கியது. செவ்வாய்க்கிழமை விடிகாலையில் வேர்த்துக் கொட்டியது, பனி பெய்யும் நேரத்தில். "வேலைக்குப் போவாதீங்க" என்றேன். "போவலன்னா, ஏன் வரலன்னு வேற சந்தேகப்படுவானுங்க" என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே கம்பி வாசலைத் தாண்டினார்.

எழுதுகிறார், மக்களே. பேனா ஓடுகிறது.

அடுத்தது என்ன கேட்கிறார்? வாய்க்கரிசியை யார் முதலில் போடுவது, எப்போது போடுவது, எந்த விரலால் போடுவது. கேளுங்கள் துரை, எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. மீனம்மா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீயும் மேலே வா. அன்னம்மா, நீயும் வா. சாமிநாதன் தம்பி, கதவோரம் போதும், இந்த நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்காருங்கள். உங்களையும் கேட்கப் போகிறார்.

மணி அடித்தும் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், என் தமிழைத் தன் தோளில் சுமந்த டாக்டரய்யாவுக்கும், லோரியில் நின்று வந்த என் லயத்து ஜனங்களுக்கும், பேயைப் பற்றிப் பேசியபோதுகூட எழுந்து போகாத டாக்டர்மார்களுக்கும் என் நன்றி. கை கூப்பிக் கும்பிடுகிறேன். நேரமாகிவிட்டது, பஸ் போய்விடும், நீங்களெல்லாம் புறப்படுங்கள். நான் இவருக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டு வருகிறேன். வணக்கம்.